இடது பக்கப் பள்ளம்

மெத்தையின் இடது பக்கத்தில், அவள் படுக்கிற இடத்தில், யாரோ படுத்த பள்ளம் இருந்தது.

காலை ஏழு மணி. இரவு முழுக்க ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஊராரின் அலறலையெல்லாம் காதில் வாங்கிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கணவன் குளியலறையில் இருந்தான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவன் படுத்த வலது பக்கம் இஸ்திரி போட்டது போல மட்டமாக இருந்தது. இடது பக்கத்தில் மட்டும் தோள் அழுந்திய குழி, இடுப்பு அழுந்திய ஆழம், மடக்கிய முழங்காலின் சாய்வு. லேடெக்ஸ் ரப்பர் மெத்தை அப்படிக் குழிந்து கிடக்காது. கையை எடுத்த மறுகணமே எழும்பிவிடும். அதற்காகத்தான் அவ்வளவு விலை கொடுத்தார்கள். அவள் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். பள்ளம் மெதுவாக, அரைத் தூக்கத்தில் எழுப்பிவிடப்பட்டவர் முனகிக்கொண்டே எழுவது போல, மேலே வந்தது.

மெத்தை வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு பழைய ஃபோம் மெத்தை. இரவில் அவன், பகலில் அவள். ஒருவர் விட்ட குழியில் இன்னொருவர் போய் விழுந்து, ஒருவர் வியர்வையை இன்னொருவர் முகர்ந்து, கடைசியில் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது இடுப்பு வலி ஒன்றுதான். மெத்தைக் கடைக்காரர் பொறுமையாக எல்லாம் சொன்னார். கட்டிலில் முழுப் பலகை கூடாது, இடைவெளி விட்டுச் சட்டம் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும். அவன் பக்கம் கெட்டியான அடுக்கு, அவள் பக்கம் மெத்தென்று ஒன்று.

"ஒருத்தர் புரண்டா இன்னொருத்தருக்குத் தெரியவே தெரியாதும்மா."

"அந்தக் கவலை எங்களுக்கு இல்லீங்க. நாங்க ஒரே நேரத்துல படுத்து ஒன்பது வருஷம் ஆச்சு."

கடைக்காரர் சிரித்தார். கணவன் சிரிக்கவில்லை. நைட் ஷிப்டை அவளே வாய்விட்டுக் கேட்டு வாங்கியிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

பள்ளம் தினமும் இருந்தது. புது ரப்பர் வாடை ஒரு வாரத்தில் அடங்கிப்போய், அதற்கு அடியிலிருந்து வேறொன்று கிளம்பியது; அடைத்த அறையில் நெடுநேரம் தூங்கிய உடம்பின் வெதுவெதுப்பான வாடை. தொட்டால் சூடு. காலை வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாகக் கசிந்துகொண்டிருக்க, கணவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு, கதவைத் தாழிட்டு அவள் தலையணையை உதறினாள், விரிப்பை உருவினாள், மண்டியிட்டுக் கட்டிலின் சட்டங்களுக்கிடையே டார்ச் அடித்துப் பார்த்தாள். எவளோ வந்து போகிறாள் என்றுதான் நினைத்தாள். நினைக்கும்போது ஆத்திரமாக வந்தது; ஆனால் பயமாக இல்லை. இது ஊரில் நடக்காத கதையா என்ன?

தலையணையில் ஒரு முடி கிடைத்தது. நீளமான முடி; வேர்ப்பக்கம் இரண்டு விரற்கடை நரைத்து, மீதி சாயம் போட்ட கறுப்பு. அவளுடையதே போல. முகர்ந்தாள். அவள் நெற்றியில் தடவுகிற தலைவலித் தைலம்.

வேறொருத்தியின் வாசனையாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் அவன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். மூன்று வாரத்தில் ஆளே மாறியிருந்தான். கன்னம் பூசினாற்போல் இருந்தது. கண்ணடியில் கருவளையம் இல்லை. வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு.

"ஏங்க, ராத்திரி யாரு வர்றா?"

"எங்க?"

"என் இடத்துல. யாரு வந்து படுக்கறா?"

அவன் சிரித்தான். "என்ன விளையாட்டு இது? நீதானே வர்றே."

"நான் ஷிப்ட்ல இருக்கேன்."

"ரெண்டு மணிக்கு வருவே, விடியறதுக்குள்ள போயிடுவே. ஆபீஸ் நாலு தெரு தள்ளித்தானே இருக்கு. இடைவேளைல வந்து முதுக நீட்டிட்டுப் போறேன்னு நெனச்சேன்." அவன் குரல் இறங்கியது. "கேட்டா நிறுத்திடுவியோன்னு நான் ஒண்ணும் கேக்கல."

"நான் வரலைங்க. ஒரு நாள்கூட வரல. மொகத்தப் பாத்தீங்களா நீங்க?"

"இருட்டுல என்னத்தப் பாக்கறது?"

"ஏதாச்சும் பேசுவாளா?"

அவன் டீயை இன்னொரு தடவை ஆற்றினான். அவன் பயப்படுவான், கட்டிலை இன்றைக்கே தூக்கிப் போடலாம் என்பான் என்று அவள் காத்திருந்தாள்.

"பேச மாட்டா. குத்திக் காட்ட மாட்டா," என்றான். "வந்து படுப்பா. அவ்வளவுதான்."

டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

அன்று பகலில் அவள் வெறுந்தரையில் படுத்தாள். தூங்கவில்லை. இரவு வேலைக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். யாரோ ஒருத்தி தன் மகனுக்கு மூச்சு நின்றுவிட்டது என்று கதறினாள். விலாசத்தை இவள் இரண்டு தடவை தப்பாக எழுதினாள். இரண்டேகாலுக்குப் பக்கத்து இருக்கைக்காரியிடம், "அக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க, எனக்கு ஒரு மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

நாலு தெரு. தெருவிளக்குகள் ரீங்கரித்துக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு ஷட்டர் காற்றில் கடகடத்தது. அவளுடைய செருப்புச் சத்தம் பூட்டிய கடைகளில் பட்டு ஒரு எட்டு பிந்தித் திரும்பி வந்தது. நடையை நிறுத்தினாள். அதுவும் நின்றது. மூன்றாவது தெருவிலிருந்து ஓடினாள்.

சாவி பூட்டில் நுழையவில்லை. திருப்பிப் பிடித்துக் குத்தினாள். நுழைந்தது.

உள்ளே இருட்டு. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல். நடைவழியில் அதே வெதுவெதுப்பான வாடை. தைல வாடை. படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

விரலால் தள்ளினாள்.

தெருவிளக்கின் வெளிச்சம் கட்டிலில் குறுக்காக விழுந்திருந்தது. கணவன் வலது பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். இடது பக்கத்தில் யாரும் இல்லை.

யாரும் இல்லை. பள்ளம் மட்டும். ஆழமாக.

அவளுக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் அவன் கையைப் பார்த்தாள்.

அவனுடைய வலது கை அந்தப் பள்ளத்தின் மேல் நீண்டிருந்தது. மெத்தையைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில் கிடந்தது. தூக்கிப் பிடித்த கை அல்ல, எதன் மேலோ சாய்ந்து துவண்ட கை. அது மெதுவாக உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

அவள் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்துவிட்டது.

அவன் கண்ணைத் திறந்தான். வாசலில் நிற்கிறவளைப் பார்த்தான். திடுக்கிடவில்லை. பக்கத்தில் பார்க்கவுமில்லை. இவள் யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"சத்தம் போடாதே," என்றான் கிசுகிசுப்பாக. "இப்பத்தான் தூங்கினா."

கண்ணை மூடிக்கொண்டான். வெறும் காற்றின் மேல் கிடந்த அந்தக் கை, தூக்கம் கலைந்து சிணுங்குகிறவளைச் சமாதானம் செய்வது போல, மெல்லத் தட்டிக் கொடுத்தது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் கேட்டது.

உள்ளங்கை, முதுகில் படுகிற சத்தம்.