பருத்திக்கொட்டை வாளி

பண்ணையில் கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்காரரின் மனைவி, கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"டாக்டரய்யா, பண்ணையில ஏழு கன்னு செத்துப்போச்சு. என் வீட்டுக்காரர் விஷம் வெச்சாருன்னு நேத்து முதலாளி புகார் குடுத்து, ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க."

கால்நடை டாக்டர் பையை எடுத்தார். கம்பவுண்டர் வண்டியிலேயே வழக்கை முடித்துவிட்டார். "முதலாளிகிட்ட திட்டு வாங்கின கோபம் சார். எலி மருந்துதான்."

பண்ணையில் கறவை மாடுகள் அரைத்த பருத்திக்கொட்டையைத் தின்று கொழுகொழுவென்று நின்றன. முதலாளி சொன்னார்: "கன்னுப் பக்கம் நான் போறதே இல்ல டாக்டர். எல்லாம் அவன் பொறுப்பு. ஒரு மாசமா ஒண்ணொண்ணா போகுது. அதுவும் நல்லா வளர்ந்ததுதான் முதல்ல."

மிஞ்சிய மூன்று கன்றுகளுக்குக் கம்பவுண்டர் பால் வாளியை நீட்டினார். அவை அவரைச் சட்டை செய்யாமல் முதலாளியின் கையை மோதி மோதி முகர்ந்தன.

"முதலாளி யாருன்னு அதுங்களுக்கும் தெரியுது" என்று கம்பவுண்டர் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. நேற்று செத்த கன்றை அறுத்துப் பார்த்தார். இதயம் வீங்கி, நெஞ்சுக்குள் நீர் கட்டியிருந்தது. வயிற்றில் கறுப்புத் தோல் துணுக்குகள்.

கை கழுவிவிட்டுச் சொன்னார்: "விஷத்தை யாரும் வாங்கிட்டு வரலை. வயித்துல இருந்த கறுப்புத் தோல் பருத்திக்கொட்டையோடது; விஷம் அதுக்குள்ளயே இருக்கு. பெரிய மாடு அசைபோடுற வயித்துல அதை அடக்கிடும். பால்குடி கன்னுக்கு அந்த வயிறே இன்னும் வளரலை. நாள்பட நாள்பட இதயத்தைப் பிடிச்சிடும். நிறையத் தின்னது முதல்ல போச்சு."

"குடுத்தது கொட்டகைக்காரர்தானே சார்?"

"பாலை விட்டுட்டு அதுங்க யார் கையைத் தேடுச்சு, கம்பவுண்டரே?"

முதலாளி தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "சீக்கிரம் தேறட்டும்னு நான்தான் தினம் ஒரு வாளி வெச்சேன். வேணாம் முதலாளி, தின்னா மூச்சு வாங்குதுன்னு அவன் தலைபாடா அடிச்சுக்கிட்டான். மாட்டுக்கு நல்லது கன்னுக்கு ஆகாதாடான்னு கேட்டேன்."

"அவன் சொன்னது சரின்னு எப்போ பட்டுச்சு?"

"நேத்துக் காலையில."

"புகார் குடுத்ததும் நேத்துதானே?"

முதலாளி எழுந்துபோய் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

"அவனை விட்டுடுங்க. போனா போகுது, நான் மன்னிச்சுட்டேன்."

டாக்டரோடு வந்து வாசலில் நின்ற கொட்டகைக்காரரின் மனைவிக்கு அது கேட்டது.

"மன்னிப்பை நீங்களே வெச்சுக்கங்க. புகாரு பொய்னு எழுதிக் குடுங்க."

"வெளிய தெரிஞ்சா என் பண்ணை என்னம்மா ஆகும்?"

டாக்டர் கன்றின் பிரேதப் பரிசோதனை அறிக்கையை எழுதி, கையெழுத்திட்டு அவளிடம் கொடுத்தார். அவள் யாருக்கும் நன்றி சொல்லாமல் ஸ்டேஷனை நோக்கி நடந்தாள். "வண்டியில கொண்டுவிடறேம்மா" என்ற கம்பவுண்டரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.