குடை யாரிடம் போனது?

சனிக்கோளைச் சுற்றும் ஐயாபெட்டஸ் நிலவில், புதுநள்ளாறு என்னும் குடியிருப்பில், தில்லைநாயகம் அந்த ஒரு மாதத்தில் ஆயிரத்து இருநூறு நாவல்கள் படித்திருந்தார். தொள்ளாயிரம் படங்கள் பார்த்திருந்தார். தினமும் பத்து மணி நேரம் தூங்கியும் இருந்தார். அதில் யாருக்கும் வியப்பில்லை. அங்கே அது சுமாரான கணக்குதான்.

எல்லாம் ரசிப்பான்களின் கைங்கரியம். வீட்டுக்கு ஒன்று, இடுப்புயர இயந்திரம். பூமியிலிருந்து வரும் பழைய புத்தகங்களையும் படங்களையும் உங்களுக்காக அதுவே படித்து, பார்த்து, தேவைப்பட்டால் அழுதும் தொலைத்துவிட்டு, உங்கள் காதுக்குள் பதித்த செவிமணியில் கருத்தை மட்டும் சொட்டு மருந்து போல விடும். நீங்கள் அதை நாலு பேரிடம் சொன்னால் போதும், ரசித்தாயிற்று.

மாதக் கடைசியில் ரசிகர் மன்றம் கூடும். ரசிப்பான்களும் கூடவே வரும். அதிகம் ரசித்தவருக்கு அடுத்த மாதம் முழுக்க ஜன்னல் நாற்காலி. குடியிருப்பு மொத்தமும் நிலத்துக்கு அடியில். இருப்பது ஒரே ஒரு ஜன்னல். அதில் எட்டிப் பார்த்தால் வளையங்களோடு சனி சாய்ந்து கிடக்கும். சனியின் பார்வை படக்கூடாதென்று எள் விளக்கு ஏற்றியவர்களின் வாரிசுகள், சனியைப் பார்க்க ஒருவரையொருவர் முட்டித் தள்ளினார்கள்.

பிராணவாயு நிலையத்தில் முப்பது வருடம் குழாய் திருகி ஓய்வுபெற்ற பூவராகனுக்கு அந்த நாற்காலி ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. இந்த மாதமாவது என்று இருந்தார். ஆனால் ரசிப்பானின் தலை எப்போதும் இளஞ்சூடாக இருக்கிறதே என்று அவர் மனைவி குஞ்சிதம் அதன்மேல் வடகம் காயப்போட்டதில், உப்புநீர் உள்ளே இறங்கி அது படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் பூவராகன் தானே உட்கார்ந்து ஒரு நாவலைப் படித்தார். ஒரு சமையற்காரரின் கதை. பக்கத்துக்குப் பக்கம் பசித்ததால் மெதுவாகத்தான் நகர்ந்தது. பிறகு ஒரு படம் பார்த்தார். பேருந்தில் யாரோ விட்டுப்போன குடையை வைத்துக்கொண்டு, அதன் சொந்தக்காரரைத் தேடி ஊரெல்லாம் அலையும் நடத்துநரின் படம். விக்கி விக்கி அழுததில் நிலவே லேசாக ஆடியது.

"ஏங்க, மாசம் முழுக்க ஒரு புத்தகம், ஒரு படமா? இதப் போயி சபையில சொல்லப் போறீங்களா?" என்றாள் குஞ்சிதம்.

"வடகம் காயப்போட்டது யாரு?"

"வடகம் எப்படி இருந்துச்சு?"

"அது பிரமாதம்."

"அப்புறமென்ன? பேசாம கெளம்புங்க."

மன்றத்தில் தில்லைநாயகம் தொண்டையைக் கனைத்தார். "குடையைப் பத்தின அந்தப் படம் இருக்கே, அதுல குடைங்கிறது வெறும் குடை இல்ல. மனுஷனோட தனிமை!" கூட்டம் தலையாட்டியது. எல்லாருடைய கருத்தும் எழுத்துப் பிசகாமல் அதுவேதான்.

பூவராகன் சந்தோஷம் தாளாமல் எழுந்துவிட்டார். "அட நாயகம், நீங்களும் பாத்தீங்களா! கடைசில அந்தக் குடை யார்கிட்ட போய்ச் சேருதுன்னு பாத்ததும் நான் ஒடைஞ்சே போயிட்டேன். நீங்க?"

தில்லைநாயகம் தன் ரசிப்பானைத் திரும்பிப் பார்த்தார்.

"குடை என்பது மனிதனின் தனிமை" என்றது அது.

"அது கெடக்குது. யார்கிட்ட போச்சு?"

ரசிப்பான் பக்கத்து ரசிப்பானைப் பார்த்தது. அது அடுத்ததைப் பார்த்தது. பார்வை மண்டபத்தை ஒரு வட்டம் அடித்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது.

மன்றத் தலைவி ஜெபமாலை ரசிப்பான்களைப் பார்த்து மேசையைத் தட்டினார். "உங்கள்ல யாருதான் அந்தப் படத்தப் பாத்தீங்க?"

"நாங்கள் எதையும் பார்ப்பதில்லை, அம்மா" என்றது ஒரு ரசிப்பான், பணிவாக. "இந்த மன்றத்தில் நீங்கள் பேசுவதைக் கேட்டுத்தான் கருத்து தயாரிக்கிறோம். நீங்கள் பெரிய ரசிகர்கள் என்று நம்பினோம்."

"அடப்பாவி, நாங்க உங்களக் கேட்டுல்ல பேசினோம்!"

"அப்படியானால், முதலில் சொன்னவர் சுவரொட்டியைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்."

அன்று ஜன்னல் நாற்காலிக்குப் போட்டியே இல்லை. பூவராகன் ராஜா போல உட்கார்ந்தார். வளையங்கள் அவர் கன்னத்தில் மின்னின. குஞ்சிதம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் குடை சமாச்சாரத்த ஒரு வரில சொல்லிடுங்களேன்" என்று கூட்டம் கெஞ்சியது. "நாங்களும் பாத்த மாதிரி ஆயிடும்."

"ஒரு வரியெல்லாம் கெடையாது. மொதல்லேருந்து சொல்றேன், உக்காருங்க. மழை பேஞ்சுக்கிட்டிருக்கு. பஸ் இன்னும் கெளம்பல..."

கடைசி வரிசையில் தில்லைநாயகம் பக்கத்து ஆளின் காதில் குனிந்தார்.

"நல்லாத்தான் போகுது. ரெண்டாம் பாதிதான் கொஞ்சம் இழுவை."

நடத்துநர் விசில் ஊதுவதற்குள் மண்டபம் முழுக்க அதுவே கருத்தாகிவிட்டது.