ஒற்றைக் கையெழுத்து

தடுப்புக்கு அப்பால் அந்த இளம் பெண் மருத்துவர் தண்ணீர் குடிக்கும் சத்தம் இரண்டு வாரமாகவே சரியில்லை. ஒரு மடக்கு இறங்கும்; பாதியில் நிற்கும்; உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டதுபோல் ஒரு சின்ன இடைவெளி; அப்புறம்தான் மீதி இறங்கும். சதைத் துண்டுகளை ஊறவைக்கும் ஃபார்மலின் நெடியும் மதியப் புழுக்கமும் அடைத்துக் கிடந்த அந்தப் பரிசோதனைக் கூடத்தில், மூத்த நோயியல் மருத்துவருக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

பதினெட்டு வருடம் நுண்ணோக்கியில் கண்ணைத் தேய்த்தவர். சேர்ந்து மூன்றே வருடமான அவளோ, அவர் கோட்டைவிட்ட ஓர் அபூர்வப் புற்றைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கிவிட்டாள். வாசலில் அவள் படம் மாட்டியிருந்தார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

காலையில் அவளே ஒரு கண்ணாடித் தகட்டைக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"சார், இது என்னோடது. உணவுக்குழாய்ல எடுத்த சதை. நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு."

இப்போதுதான் பார்த்தார். இளஞ்சிவப்புத் திசுவுக்குள் மை தெறித்ததுபோல் கரிய செல்கள். தோலில் வரவேண்டிய கரும்புற்று, உணவுக்குழாயில். ஆயுள் முழுக்கக் காத்திருந்தும் அவர் கண்ணில் படாத நோய். இதுவும் இவளுக்குத்தான் வாய்க்கவேண்டுமா? அந்த நோயின் மேலேயே பொறாமைப்படுகிறோம் என்று உறைத்தது.

புற்று என்று எழுதினால் இரண்டு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். சாதாரணப் புண் என்றால் ஒன்று போதும். ஆரம்பக் கட்டம்தான், இன்றே சொன்னால் பிழைப்பாள். பிழைத்து, அதற்கும் பெயர் வாங்குவாள்.

சாதாரணப் புண் என்று எழுதி, ஒன்றே போட்டார்.

அறிக்கையைப் படித்தவள் அழுதுவிட்டாள்.

"இப்பதான் சார் உயிரே வந்துச்சு. இனிமே என்ன பயம்? நானும் ஒரு தடவ பாத்துடறேன்."

தகடு நுண்ணோக்கியிலேயே இருந்தது. அவர் கை நீட்டுவதற்குள் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். இருவர் ஒரே நேரத்தில் பார்க்கும் இரட்டை நுண்ணோக்கி அது.

"வாங்க சார், நீங்களும்."

குனிந்தார். ஒளிவட்டம். கருமை. நடுவே, சுட்டிக் காட்டுவதற்காக அவள் பக்கத்திலிருந்து நகர்த்தும் பச்சை அம்பு.

அம்பு நகர்ந்தது. ஒரு கரிய செல். நின்றது.

அடுத்தது. நின்றது.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒன்றையும் விடாமல், அவசரமே இல்லாமல், அந்த அம்பு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.