ஒலிப்பதிவு நடக்கிறது

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு நன்றாகவே வந்தது. ஆனால் கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் எழுந்து பல் துலக்கினேன்.

எங்கள் அப்பா ஜெயராஜ், விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுப்பவர். அன்று எங்கள் தமிழ்ப்பள்ளியின் எழுபதாம் ஆண்டு விழா. லோரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் மண்டபத்துக்குக் கிளம்பினோம். வழி முழுக்க நான் கொட்டாவி விட்டேன். என்னைப் பார்த்து அப்பாவும் விட்டார்.

அன்று எனக்கும் ஒரு பெரிய வேலை இருந்தது. விழாவில் பாட வருகிறவர் வடிவம்மாள். வானொலியில் பாட்டு, தொலைக்காட்சியில் நாடகம் என்று நாற்பது வருடமாக எல்லார் வீட்டுக்கும் தெரிந்தவர். மேடையில் அவரைப் பற்றிப் பேசி வரவேற்கிற பொறுப்பைப் பிரியந்தி டீச்சர் என்னிடம் கொடுத்திருந்தார்.

"இண்டர்நெட்ல இருக்கறத காப்பி பண்ணாத, ரூபினி. விழாவுக்கு முன்னால அவங்களையே நேர்ல கேளு. பத்துக் கேள்வி எழுதிக்க" என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

நான் பத்துக் கேள்வி எழுதி, கோடு போட்டு, பதிலுக்கு இடமும் விட்டிருந்தேன். போன வருடம் பேச்சுப் போட்டியில் பாதியில் மறந்துபோய், மேடையிலேயே அழுதவள் நான். பையன்கள் இன்னும் அதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். இந்தத் தடவை எப்படியாவது நன்றாகப் பேசிவிட வேண்டும்.

எட்டு மணிக்கு வடிவம்மாள் தன் காடியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நாடகத்தில் மருமகளை மிரட்டுகிற அதே முகம்தான். ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சேலைப் பையைத் தூக்கிக்கொண்டு, மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் மெல்ல நடந்து போனார்.

"பசியாறிட்டீங்களா, ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"பசியாறின மாதிரிதான் இருக்கும்மா. ஈப்போவுலயா, வர்ற வழியிலயான்னு ஞாபகம் இல்ல. நேத்து ராத்திரி அங்க கச்சேரி. நாளைக்குக் கே.எல்.ல ஷூட்டிங்."

எனக்கு வேகமாக எழுத வராது. அதனால் அப்பாவின் பழைய கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தி மேசைமேல் வைத்துவிட்டு, முதல் கேள்வியைப் படித்தேன்.

"நீங்கள் பிறந்த ஊர் எது?"

"சுங்கை பாக்காப் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம். அப்பா அம்மா ரெண்டு பேரும் பால்மரம் வெட்டினாங்க. நான்..."

கதவு படாரென்று திறந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் முனுசாமி அங்கிள் ஒரு கூட்டத்தோடு உள்ளே வந்தார்.

"அக்கா! ஒரே ஒரு செல்பி லா!"

அந்த ஒன்று பதினொன்று ஆனது. ஒவ்வொன்றுக்கும் வடிவம்மாள் சிரித்தார். அவர்கள் போனதும், நிறுத்திய மின்விசிறி மாதிரி அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது.

"இரண்டாவது கேள்வி. முதன்முதலில் எப்போது பாடினீர்கள்?"

"உன் வயசுலதான். கோயில் திருவிழாவுல பாட வேண்டிய அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. நான் பாடுறேன்னு போய் நின்னேன். மைக்கு எட்டல. மண்ணெண்ணெய் டின்ன கவுத்துப் போட்டு, அதுமேல ஏத்தி நிறுத்தினாங்க."

மறுபடியும் கதவு திறந்தது. இந்தத் தடவை ஓர் அக்கா. அவருடைய கைப்பேசியில், நிபோங் திபாலில் இருக்கிற அவருடைய தங்கை தெரிந்தார்.

"என் தங்கச்சி நம்ப மாட்டேங்குறா. ரெண்டே ரெண்டு வரி பாடுங்களேன்!"

வடிவம்மாள் பாடினார். தங்கை கைதட்டினார். அக்கா போனார்.

"மூன்றாவது கேள்வி. நடிப்புக்கு எப்படி வந்தீர்கள்?"

"அதுவும் யாரோ வராத கதைதான்" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். "மாமியார் வேஷம் போட வேண்டியவங்க வரல. எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. தலைல மாவத் தடவி உட்கார வெச்சிட்டாங்க. அன்னிலேருந்து நான் மாமியார்தான். ஒரு தடவ பாசார்ல மீன்காரம்மா எனக்கு மீனே தர மாட்டேன்னுட்டாங்க. 'மொதல்ல அந்த மருமகப் புள்ளைக்குச் சோத்தப் போடு, அப்புறம் மீன் வாங்க வா'ன்னாங்க!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். பதினொரு செல்பியிலும் இல்லாத சிரிப்பு அது.

"நான்காவது கேள்வி. உங்களுடைய நீண்ட நாள் ஆசை என்ன?"

"ஆசையா..." என்றார். கண்ணை மூடி யோசித்தார்.

நானும் காத்திருந்தேன். பேனா தயாராக இருந்தது.

கொர்ர்ர் என்று சத்தம் வந்தது. பெரிய பாடகிதான். குறட்டையும் சீராகத்தான் இருந்தது.

"ஆன்ட்டி?"

கொர்ர்ர்.

சுவரில் மணி எட்டே முக்கால். ஒன்பதுக்கு விழா. இன்னும் ஏழு கேள்வி காலியாகக் கிடந்தது. தோளைத் தொட்டு எழுப்பலாம் என்று கையை நீட்டினேன். அப்போதுதான் அவர் கால்களைப் பார்த்தேன். இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. சேலையில் குத்த எடுத்த ஊக்கு விரல்களுக்கு நடுவில் அப்படியே இருந்தது.

தண்ணீர்மலையில் தைப்பூசம் முடிந்த மறுநாள் எங்கள் அப்பாவும் இப்படித்தான் தூங்குவார். மூன்று நாள் பந்தலில் நின்றுவிட்டு வருவார் இல்லையா? அப்போது யாராவது அவரை எழுப்பினால் அம்மா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

கையை இழுத்துக்கொண்டேன். ஊக்கை மட்டும் மெதுவாக எடுத்து மேசையில் வைத்தேன்.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. இன்னொரு செல்பிக் கூட்டம்! நான் பின்வழியாக ஓடி, அப்பாவின் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்து கதவில் மாட்டினேன். கோயில்களில் பாட்டு பதிவு செய்யும்போது அப்பா மாட்டுகிற அட்டை அது. 'ஒலிப்பதிவு நடக்கிறது. சத்தம் போடாதீர்கள்' என்று சிவப்பில் எழுதியிருக்கும்.

முனுசாமி அங்கிள் அதைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உள்ள ரெக்கார்டிங்காம்மா?"

"ஆமா, அங்கிள்" என்றேன். பொய் இல்லை. கைப்பேசி உள்ளே ஓடிக்கொண்டுதானே இருந்தது?

"எப்படிப் போகுது?"

"இதுவரைக்கும் நல்லாத்தான் போகுது."

அவர் உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தைத் திருப்பி அழைத்துப் போனார். எல்லாரும் பூனை மாதிரி நடந்தார்கள்.

மணி ஒன்பது. விழா தொடங்கவில்லை. விளக்கேற்ற வேண்டிய தலைமை விருந்தினர் டத்தோ, வழியில் பாலத்து ஜாமில் மாட்டிக்கொண்டாராம். எங்கள் ஊரில் டத்தோ வராமல் குத்துவிளக்கு எரியாது, விளக்கு எரியாமல் எதுவும் நடக்காது. எத்தனையோ விழாக்களில் இதற்காக நான் சலித்துக்கொண்டிருக்கிறேன். அன்று மட்டும், 'முருகா, ஜாம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டேன்.

பிரியந்தி டீச்சர் வந்து என் தாளைப் பார்த்தார். "என்ன ரூபினி, மூணுதானா? போய் எழுப்பு லா."

"வேணாம் டீச்சர். அவங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க. பாவம்."

"அப்ப மேடையில என்ன பேசுவ?"

"தெரியல, டீச்சர்."

உண்மையாகவே தெரியவில்லை. போன வருடத்து அழுகை நினைவுக்கு வந்தது. டீச்சர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் பூனை மாதிரி நடந்து போய்விட்டார்.

கதவோரம் உட்கார்ந்து அந்த மூன்று பதில்களையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் டின் கதைக்கு வந்ததும் எழுந்து அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, மேடையில ஒரு நாற்காலி போடலாமா? மைக்கையும் கீழ இறக்கணும்."

"பாட்டுக்காரங்க நின்னுதானேம்மா பாடுவாங்க?"

"நேத்து ஈப்போவுலயும் நின்னுதானேப்பா பாடியிருப்பாங்க."

அப்பா மைக்கை இறக்கினார்.

டத்தோ பத்து மணிக்கு வந்தார். விளக்கேற்றிவிட்டு அரை மணி நேரம் பேசினார். எல்லாரும் நெளிந்தார்கள். நான் மட்டும் சந்தோஷமாகக் கேட்டேன். அவர் நன்றி சொல்லத் தொடங்கியதும் அறைக்குப் போய், "ஆன்ட்டி" என்று தோளைத் தொட்டேன்.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "ஐயையோ, தூங்கிட்டேனா? உன் கேள்வியெல்லாம்?"

"பரவால்ல. நீங்க சேலைய சரி பண்ணிக்கிட்டு வாங்க."

மேடையில் ஏறினேன். தாளைப் பார்த்தேன். அதில் பெரும்பாலும் வெறும் கோடுதான் இருந்தது. அதனால் நடந்ததையே சொன்னேன்.

"எல்லாருக்கும் வணக்கம். வடிவம்மாள் ஆன்ட்டியிடம் நான்கு கேள்விகள் கேட்டேன். மூன்றுக்குப் பதில் சொன்னார்."

டின் கதையைச் சொன்னேன். மீன்காரம்மா கதையைச் சொன்னேன். மண்டபமே சிரித்தது.

"நான்காவதாக, 'உங்களுடைய நீண்ட நாள் ஆசை என்ன?' என்று கேட்டேன். உடனே தூங்கிவிட்டார். அதுதான் பதில் என்று நினைக்கிறேன். என் வயதில் டின்மேல் ஏறி நின்றவர், அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. இன்று உட்கார்ந்து பாடட்டும். செல்பி வேண்டாமே. பாட்டு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்."

போன வருடம் மாதிரி அழுதுவிடுவேனோ என்று தாளை இறுக்கிப் பிடித்தேன். அப்போது முனுசாமி அங்கிள் எழுந்து கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். மேடையோரத்தில் நின்ற வடிவம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாடினார். மூன்று பாட்டு. பிறகு முந்நூறு பேரும் நெருக்கியடித்து நின்று ஒரே ஒரு படம்.

கிளம்பும்போது காடிக் கதவைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார். "அந்த ரெக்கார்டிங் இருக்கா?"

போட்டுக் காட்டினேன். மீன்காரம்மா வந்தார். அப்புறம் கொர்ர்ர். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு அதேதான். அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அழிச்சிடவா, ஆன்ட்டி?"

"அழிக்காத லா! எனக்கு அனுப்பி விடு. நாப்பது வருஷத்துல எவ்வளவோ ரெக்கார்டிங் பண்ணியிருக்கேன். நடுவுல யாரும் நிறுத்தச் சொல்லாதது இது ஒண்ணுதான்."

வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் படுத்தேன். கண் விழித்தபோது மணி ஐந்து. நல்லவேளை, மாலை ஐந்து! வீடு கப்சிப் என்று இருந்தது. தொலைக்காட்சிச் சத்தம்கூட இல்லை.

எழுந்து போய் அறைக் கதவைத் திறந்தேன். வெளிப்பக்கம் அப்பாவின் சிவப்பு எழுத்து அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.