மூன்றாவது கை பிரைமர்

இரண்டு கை பிரைமர் அடித்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த சுவரில் அந்தக் கறை மறுபடியும் வந்திருந்தது. ஜெலியாஸ்கோ ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டான். புத்தம் புதுச் சுவர். கூரை ஒழுகவில்லை, உள்ளே குழாய் ஓடவில்லை. பிறகு எங்கிருந்து வந்து தொலைக்கிறது இந்தச் சாம்பல் நிறம்? பல்கேரியா முழுக்கச் சுற்றி பெயின்ட் அடித்தவன் அவன். அவன் பிரைமர் அடித்தால் எண்ணெய்க் கறைகூட எட்டிப் பார்க்காது என்று ஊரில் சொல்வார்கள்.

மதிய நேரம்தான். ஆனாலும் ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி ஜன்னலில் அப்பிக்கொண்டு நின்றது. விறகடுப்பின் புகையும், சுவரில் பூசிய ஈரப் பட்டியின் வாடையும், பக்கத்து அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த மகள் ராலிட்சாவுக்காகக் காய்ச்சிய பூக் கஷாயத்தின் மணமும் கலந்து தொண்டையில் தங்கின. அவள் இருமல் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. குடிவந்த நாளிலிருந்து பிள்ளை தேறவேயில்லை. டாக்டர் ஊசி போட்டார், உதட்டைப் பிதுக்கினார். மனைவி நெவெனா மருந்துக்காக டவுனுக்குப் போயிருந்தாள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயத்தை விரட்டத்தான் அவன் வேலையில் இறங்கியதே.

"போதும் உன் ஆட்டம்" என்று முனகிக்கொண்டு, ஸ்பிரிட் கலந்த பிரைமர் டின்னைத் திறந்தான். மூக்கு எரிந்தது. கீழிருந்து மேலாக ரோலரை இழுத்தான். கறை மறைய மறைய அதன் உருவம் பிடிபட்டது. மெலிந்த கால்கள். பாவாடை போல விரிந்த ஏதோ. ராலிட்சாவுக்குப் போடுவது போல இரட்டைச் சடை. சே, என்ன பைத்தியக்கார நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டு தலைவரைக்கும் அடித்து முடித்தான்.

"என்ன மச்சான், செவுத்துக்குப் பூசுறியா, மூஞ்சிக்குப் பூசுறியா?"

நெவெனாவின் தம்பி வுல்கோ, இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார், சூடான பனித்சா பலகாரத் தட்டோடு வந்து நின்றான். சுவரில் ஈரப் பூச்சுக்கு அடியில் மங்கிக்கொண்டிருந்த உருவத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு செத்துவிட்டது.

"இது எப்பலேர்ந்து வருது?"

"காலையிலேர்ந்து. சனியன், எத்தனை அடிச்சாலும் வருது. ஏன்டா முழிக்கிற?"

வுல்கோ அப்படியே தரையில் உட்கார்ந்தான். "அஸ்திவாரம் நிக்கல மச்சான். கட்டக் கட்ட ஆத்துப் பக்கம் சரிஞ்சுது. கொத்தனாருங்க வழக்கமாப் பண்றதைத்தான் பண்ணேன். நிழலை நூலால அளந்து, அந்த நூலை இந்தச் செவுத்துக்குள்ள வெச்சேன். நிழலுக்குரிய உசுரு உள்ள போய்ச் செவுத்தைத் தாங்கிக்கும்."

"யாரு நிழலைடா?"

"ஆட்டுக்குட்டி நிழலைத்தான். சத்தியமா! நூலைச் சுத்தி நிமிர்ந்தப்புறம்தான் பாத்தேன், பாப்பா பின்னாலயே நின்னுச்சு. ரெண்டு நிழலும் ஒண்ணா விழுந்திருந்துது."

"பாவி! என் பிள்ளையையாடா..."

"பாப்பா நிழல்தான் வெளிய வரப் பாக்குது மச்சான். வர விடு. மூடாத."

மூடியாகிவிட்டது.

ஈர வெள்ளைக்கு அடியில் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதுவும் கரைந்துகொண்டிருந்தது. ஜெலியாஸ்கோ பட்டித் தகட்டை எடுத்துப் பாய்ந்தான். சுரண்டினான். அடியில் வெள்ளை. இன்னும் சுரண்டினான். நகம் பிய்ந்தது. வெள்ளை. அதற்கும் அடியில் வெள்ளை.

அப்போதுதான் கவனித்தான். இருமல் நின்றிருந்தது.

"ராலிட்சா?"



ஓடினான். கதவு திறந்தே இருந்தது. போர்வை. அதற்கு வெளியே சின்னக் கை, விரல்கள் விரிந்து விரிந்து மூடின. தலையணையில் இரட்டைச் சடை. ஸ்பிரிட் வாடை.

சடைகளுக்கு நடுவே கண் இல்லை. மூக்கு இல்லை. மழமழவென்று வெள்ளை, ரோலர் ஓடிய தடத்தோடு, இன்னும் காயாமல். வாய் இருந்த இடத்தில் அந்த வெள்ளை உள்ளே குழிந்தது, வெளியே புடைத்தது, மறுபடி குழிந்தது.