துருப்பிடிக்காத கொளுக்கி

பேராசிரியர் ஞானம் அந்த வில்லையை மேசையில் வைத்தபோது, பிணத்தைக் கொண்டுவந்து கிடத்தியவர் போல முகத்தை வைத்திருந்தார்.

"இருபத்திரண்டு வருஷ ஆய்வு, ராஜபாய் டீச்சர். இது ஒண்ணு மட்டும் பொய் சொல்லுது."

மண்டைக்காட்டுக்கு மேற்கே, கருமணல் கரையில், மண்ணே இயற்கையாகக் கொஞ்சம் கதிர்வீச்சு விடும். அங்கே தலைமுறையாக வாழ்கிறவர்களின் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதே ஆய்வு. ஆளுக்கொரு வில்லை, கதிர்வீச்சை அளப்பதற்கு. அதைக் கயிற்றில் கோத்து வருஷம் முழுக்கக் கழுத்தில் போட வேண்டும். எல்லோருடைய அளவும் ஏறியிருக்க, அந்தக் கரையில் வாழும் குளோரியின் மகன் பிபினுடையது மட்டும் ஏறவே இல்லை. பிறந்த அன்றே ஆய்வில் பெயர் ஏறியவன் அவன்.

"ரதீஷ் இதைக் குடுக்காம விடுதி அலமாரியில போட்டிருப்பான். காரணம் தெரியலைன்னா பிபின் பேரை வெட்டிருவேன்."

ஆய்வு மாணவன் ரதீஷுக்குக் காது சிவந்தது. "குளோரி அக்கா கையிலதான் சார் குடுத்தேன்!"

புள்ளியியல் ஆசிரியை ராஜபாய் வில்லையைத் திருப்பிப் பார்த்தார். கயிறு வேர்வையில் கறுத்து விறைத்திருந்தது. கயிற்றை வில்லையோடு மாட்டும் இரும்புக் கொளுக்கியோ புதுப்பெண் மாதிரி மினுங்கியது.

"ஞாயித்துக்கிழமை போவோம்," என்றார்.

போனார்கள். வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. குளோரி சாயா கொண்டுவந்தாள்.

"பிபினா? கடலுக்குப் போயிருக்கான் சார். இப்ப வந்திருவான்."

அவள் பார்வை சுவருக்குப் போனது. அங்கே இரண்டு கடிகாரங்கள்.

"அக்கா, அந்தக் கடிகாரம் ரெண்டரை மணி நேரம் பிந்தி ஓடுது. பேட்டரி மாத்தட்டா?" என்று எழுந்தான் ரதீஷ்.

"தொடாதலே மக்கா!" குளோரி குறுக்கே வந்து நின்றாள்.

ராஜபாய் சாயாவைக் கீழே வைத்தார். "உப்புக்காத்துல இரும்பு துருப்பிடிக்காம இருக்காது. இந்தக் கொளுக்கி பளபளன்னு இருக்கு. அப்போ வில்லை இங்க இருந்திருக்காது. அலமாரியிலயும் இருந்திருக்காது, கயித்துல ஒரு வருஷத்து வேர்வை இருக்கு. யாரோ ஒழுங்கா போட்டிருக்காங்க, கடலே இல்லாத ஊர்ல. இந்தக் கரையில ஞாயித்துக்கிழமை யாரும் தொழிலுக்கு இறங்குறதில்லை. நம்ம நேரத்துக்கு ரெண்டரை மணி பிந்தினா சவூதி நேரம். பிபின் ரியாத்லயா இருக்கான், குளோரி?"

குளோரி மெல்ல உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷம் தாண்டிட்டு டீச்சர். கரையை விட்டுப் போனா பேரை வெட்டுவியன்னு சொன்னாவ. அதுதான் அங்கருந்து லீவுக்கு வந்த பயலுக்க கையில, கருவாட்டுப் பொதிக்குள்ள வச்சு குடுத்துவிட்டேன். 'கழட்டாதல மக்கா'ன்னு தெனமும் போன்ல சொன்னேன். அவனுக்கு மொதப் பல்லு முளைச்சதைக்கூட எழுதி வச்சது நீங்கதான். வருஷா வருஷம் வந்து 'பிபின் எப்படி இருக்கான்'னு கேக்கதும் நீங்க மட்டும்தான். பேரை வெட்டிப்போட்டா, அப்புறம் யாரு கேப்பா?"



"வில்லை பொய் சொல்லலை சார்," என்றார் ராஜபாய். "அவன் இங்க இல்லைன்னு சொல்லுது. அவ்வளவுதான். கரையில பிறந்து கரையை விட்டுப் போனவன் உடம்பு எப்படி இருக்கும்னு ஒப்பிட்டுப் பார்க்க, உங்க ஆய்வுல அப்படி ஒரு ஆள்கூட இல்லையே?"

ஞானம் கண்ணாடியைத் துடைத்தார். "ஒப்பீட்டுக் குழு ஒண்ணு வேணும்னு நான் அப்பமே நினைச்சேன்," என்றார், நினைக்காதவர். பையிலிருந்து பிபினுக்கென்று புது வில்லை ஒன்றை எடுத்துக் குளோரியிடம் நீட்டினார்.

"இந்த ஆய்வு எப்ப சார் முடியும்?" என்று கேட்டாள் குளோரி.

"இன்னும் இருபது வருஷம் ஓடும்மா."

"அதுக்குள்ள வந்திருவான்."

குளோரி வில்லையைத் தன் கழுத்தில் போட்டு, நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அளவு கெட்டுவிடும் என்று சொல்ல ஞானம் வாயைத் திறந்தார். ராஜபாய் அவர் காலை மிதித்தார்.