வெட்டியெடுத்த மூச்சு

ஒலிப்பதிவின் ஏழாம் நிறுத்தத்தில் அவள் மூச்சு வாங்கினாள்.

அவர் ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இந்த வெற்றித் தூணைக் கட்டி முடிக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின," என்றது மனைவியின் குரல். பிறகு காதோடு ஒட்டிக்கொண்டு, ஈரமாக, ஒரு சின்ன இழுப்பு. "நடு அறைக்குக் காற்றுத்துளை வைக்கக் கட்டியவர்கள் மறந்துவிட்டார்கள். ஏற்றி வைத்த விளக்கு அணைந்த பிறகுதான் அது தெரிந்தது."

அந்த இழுப்பு அங்கே இருக்கவே கூடாது. தூணைப் பார்க்க வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு நடக்கும் இந்த வரலாற்றை ஆறு வருடத்துக்கு முன் பதிவு செய்தவர் அவர்தான். வாக்கியங்களுக்கு நடுவே இருந்த மூச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டியவரும் அவர்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு மூச்சுகள். தொழிலில் அப்படித்தான் செய்வார்கள். இங்கே வழிகாட்டியாக வேலை பார்த்த அவள், பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"ஏங்க, இவ்வளவு மூச்சையும் வெட்டிப் போட்டா நான் எப்படிங்க உயிரோட இருக்கிறது?"

"நீ கொஞ்சம் வாயை மூடு, எனக்கு உயிர் வரும்."

அவள் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு நுரையீரலில் நீர் கோத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மூன்று தடவை போன் செய்தாள். பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் ஒலிக்கருவிகளில் பதினான்காவதைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்தவர், இதை முடித்துவிட்டுப் பேசலாம் என்று விட்டுவிட்டார். முடித்துவிட்டுக் கூப்பிட்டபோது நர்ஸ் எடுத்தாள். அந்த அரைமணி நேரம் இன்னும் அவரைத் தின்றுகொண்டிருக்கிறது.

மேலாளர் கதவருகே வந்து நின்றார். "சார், கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா நாளைக்குப் புதுக் குரல் போட்டாகணும். பழசை இன்னைக்கே அழிச்சிடுங்க."

"அவ குரலை எனக்கு ஒரு காப்பி..."

"கேட்டுப் பார்த்தேன் சார். அரசாங்கச் சொத்து, வெளிய போகக்கூடாதுன்னுட்டாங்க."

அவருக்கு விதியை மீறிப் பழக்கமில்லை. அழித்துவிடுவதாகத் தலையாட்டினார்.

ஐந்து மணிக்குக் கடைசிப் பார்வையாளர்களும் இறங்கிப் போனார்கள். கருவிகளை வைத்திருப்பது அதே நடு அறையில்தான். பிற்பாடு குடைந்த காற்றுத்துளை வழியாகச் சாயங்கால வெயில் ஒரு கையகலம் விழுந்து கிடந்தது. குளிர்ந்த கல்லின் வாடை, சூடேறிய ஒயரின் வாடை, அவற்றுக்கு அடியில் ஆஸ்பத்திரி மருந்து வாடை. சுவர் அடுக்கில் நாற்பது கருவிகள்.

முதல் கருவியிலிருந்த பதிவை அழித்தார். திரையில் 'காலி' என்று வந்தது.

காலிக் கருவி மூச்சு வாங்கியது.

ஆனாலும் அடுத்ததை அழித்தார். அதுவும் வாங்கியது. அதற்கடுத்ததும். எல்லாமே உள்ளே இழுத்தன. ஒன்றுகூட வெளியே விடவில்லை. கதவு திறந்துதான் இருந்தது, நாலு எட்டு வைத்தால் படிக்கட்டு. அவர் போகவில்லை. பதினான்காம் கருவியில் மட்டும் அவள் பாக்கி இருந்தாள்.

அதைக் காதில் மாட்டினார்.

வரலாறு வரவில்லை.

"ஏங்க... போனை எடுக்கவே இல்லையே."

அவருக்கு அழுகை வெடித்தது. "தப்புதாம்மா. தப்புதான்."

"மூச்சு முட்டுதுங்க. என்னோடதையெல்லாம் எங்க வச்சீங்க?"

எங்கேயும் வைக்கவில்லை. வெட்டியதை யார் எடுத்து வைப்பார்கள்?

"எங்கிட்ட இருக்கிறதை எடுத்துக்கோ," என்றார்.

அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் இழுத்தது. மேசைத் தாள்கள் அதை நோக்கி நகர்ந்தன. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. காற்றுத்துளையில் அடைந்திருந்த தூசி உள்ளே பறந்து வந்தது.

அவர் வாயைத் திறந்தார்.

மூச்சு உள்ளே வரவில்லை.

நாற்பது கருவிகளும் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தன.